பழங்காசு மின்னிதழ்: எந்த மென்பொருள், எந்தக் கோப்பு?

கேள்வி: திண்டுக்கல், மதுரை வட்டாரத்தில் பழங்காசு சேகரிக்கும் சிலர் சேர்ந்து காலாண்டு மின்னிதழ் ஒன்று நடத்துகிறோம். விலை கிடையாது, வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறோம். ஆரம்ப இதழ்களை நானே வேர்டில் செய்தேன். ஒரு வரி சேர்த்தால் படமெல்லாம் இடம் மாறி ஓடியது. பிறகு ஒரு டிடிபி கடையில் பேஜ்மேக்கரில் செய்து வாங்கினோம். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் போனில் படிக்க முடியவில்லை என்று குறை சொல்கிறார்கள். ஒரு இதழ் 90 எம்பி வருகிறது. உள்ளே ஒரு சொல்லைத் தேடினால் எதுவுமே கிடைப்பதில்லை. இன்டிசைன் வாங்கச் சொல்கிறார் நண்பர். கேன்வா போதும் என்கிறாள் மகள். பிடிஎஃப்பை விட்டு இபப் என்ற மின்னூல் வடிவத்துக்குப் போகலாமா? புரட்டிப் பார்க்கும் புத்தகமாக இணையத்தில் போடலாமா? பழைய இதழ்களை என்ன செய்வது?

பதில்: வணக்கம் ஐயா. நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளில் ஒன்றுகூட மென்பொருளை மாற்றினால் மட்டும் போகாது. இன்டிசைனுக்குச் சந்தா கட்டி, அதே ஏ4 பக்கத்தில், அதே பழைய எழுத்துருவில், அதே படங்களை வைத்தால் இதழ் இப்போது இருப்பது போலத்தான் வரும். எனவே மென்பொருளைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, தேடினால் கிடைக்காத விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். உங்கள் இதழுக்கு அதுதான் பெரிய நஷ்டம். காசு பற்றி எழுதுவதை யாரும் ஒருமுறை படித்துவிட்டு மூடி வைப்பதில்லை. பத்து வருடம் கழித்தும் ஒருவர் ஒரு பெயரைத் தேடிக்கொண்டு வருவார்.

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறிமுறையான யூனிகோட் அதற்குத் தெரியாது. அதில் தமிழ் வர வேண்டுமென்றால், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த பழைய எழுத்துரு ஒன்று வேண்டும். கண்ணுக்குத் தமிழ் தெரியும், கோப்புக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. உங்கள் இதழிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப் செய்திப் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள், புரிந்துவிடும். சங்ககாலப் பாண்டியரின் பெருவழுதி நாணயத்தைப் பற்றி நீங்கள் எவ்வளவு நல்ல கட்டுரை போட்டிருந்தாலும், 'பெருவழுதி' என்று தேடுகிறவருக்கு அது கிடைக்கப்போவதில்லை.

யூனிகோடுக்கு மாறினால் முக்கால்வாசி தீர்ந்துவிடும். மீதிக் கால்வாசியில் ஒரு பொறி இருக்கிறது. யூனிகோடில் 'பெ' என்பது முதலில் ப, அடுத்து எகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் வரையும்போது கொம்பு முன்னால் வந்துவிடும். பிடிஎஃப்பை உருவாக்கும் மென்பொருள் கவனமில்லாமல், வரைந்த வரிசையிலேயே எழுதி வைத்தால், நகலெடுக்கும்போது 'ெபருவழுதி' என்று வரும். பார்வைக்குக் குறையே தெரியாது, தேடலில் மட்டும் அகப்படாது. கொ, கோ, கை எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

ஆகவே எந்த மென்பொருளை யார் சிபாரிசு செய்தாலும் முதலில் ஒரு பக்கத்தில் பெருவழுதி, கோட்டை, யானை, கௌதமன், ஸ்ரீரங்கம், லக்ஷ்மி, நூறு, ரௌத்திரம் என்று தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்குங்கள். அதைக் கணினியிலும் போனிலும் திறந்து, ஒவ்வொரு சொல்லையும் தேடுங்கள், நகலெடுத்து ஒட்டியும் பாருங்கள். திறக்கும் செயலியைப் பொறுத்தும் முடிவு மாறும் என்பதால் இரண்டு மூன்று செயலிகளில் பார்ப்பது நல்லது. கால் மணி நேர வேலை. விளம்பரத்தில் 'இந்திய மொழிகளுக்கு ஆதரவு உண்டு' என்று போட்டிருப்பதை நம்புவதைவிட இது மேல்.

சரி, மென்பொருள். உங்கள் குழுவுக்கு நான் சொல்வது வேர்டைப் போன்ற லிப்ரே ஆபீஸ் ரைட்டர். இலவசம் என்பது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், உங்களில் யார் வேண்டுமானாலும் திறந்து ஒரு பிழையைத் திருத்த முடியும். இதழ் வடிவமைப்பு தெரிந்த ஒரே ஆளுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் இதழே நின்றுவிடும் நிலை வரக்கூடாது. ஓய்வு பெற்றவர்கள் நடத்தும் இதழில் இதை யோசித்தே ஆக வேண்டும். ரைட்டர் சேமிக்கும் ஓடிடி (.odt) கோப்பு வடிவம் 2006-லேயே ஐஎஸ்ஓ என்ற உலகத் தர அமைப்பால் ஏற்கப்பட்டது. ஒரே கம்பெனியின் கையில் இல்லை. பேஜ்மேக்கர் கோப்புகளின் கதியைப் பாருங்கள்: இன்டிசைனின் சிஎஸ்6 வரையான பதிப்புகள் அவற்றைத் திறந்தன, அதற்கப்புறம் வந்தவை திறப்பதில்லை. அதுவும் இதுவும் ஒரே கம்பெனியின் சரக்கு.

ரைட்டரில் புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எழுத்துருவை மாற்றுவார்கள், தமிழ் அசையாது. எழுத்தளவைப் பெரிதாக்குவார்கள், ஆங்கிலம் மட்டும் பெருக்கும். காரணம், ரைட்டரின் கணக்கில் தமிழ் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்ற தனிப் பிரிவு. அதற்கு எழுத்துரு, அளவு, மொழி எல்லாம் தனி. ஆப்ஷன்ஸில் மொழி அமைப்புக்குப் போய் அந்தப் பிரிவை இயக்கித் தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு பாராகிராஃப் ஸ்டைலில் (பத்தியின் தோற்றத்தை ஒருமுறை அமைத்து எல்லா இடத்திலும் பயன்படுத்தும் வசதி) எழுத்துருப் பக்கத்தைத் திறந்தால், மேற்கத்திய எழுத்துக்கு ஓர் இடமும் இதற்கு இன்னோர் இடமும் இருக்கும். இரண்டையும் நிரப்புங்கள். தலைப்பு, உள்தலைப்பு, உரை, படக்குறிப்பு ஆகிய நான்குக்கு மட்டும் ஸ்டைல் செய்தால் போதும். தலைப்புக்கு அதிலேயே இருக்கும் 'ஹெடிங் 1' ஸ்டைலைப் பயன்படுத்தினால், பிடிஎஃப்பில் பொருளடக்கப் பட்டியல் தானாக வந்துவிடும்.

வேர்டில் படங்கள் ஓடியதற்கு வேர்டைக் குற்றம் சொல்ல முடியாது. படத்தைப் பக்கத்தில் மிதக்க விட்டிருக்கிறீர்கள். அதை ஓர் எழுத்தைப் போல வரியோடு சேர்த்துக் கட்டிவிட்டால் ஓடாது. ரைட்டரில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து, ஆங்கர் என்பதில் 'ஆஸ் கேரக்டர்' என்று கொடுங்கள். படத்தைச் சுற்றி எழுத்து வளைந்து போகும் அழகு கிடைக்காதுதான். போனில் படிக்கிறவர் அதைக் கேட்கவும் மாட்டார்.

குழுவில் யாருக்காவது வடிவமைப்பில் உண்மையான ஆசை இருந்தால், அவர் ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைக் கற்றுக்கொள்ளட்டும். அதுவும் இலவசம். பழைய 1.4 பதிப்புகளில் தமிழ் சிதறும். 2024 ஜனவரியில் வந்த 1.6 அல்லது அதற்குப் பிந்தியதை எடுத்தால் ஒழுங்காக வரும். இன்டிசைன் நல்ல கருவி, தினமும் அதில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறக்கும் உங்களுக்கு மாதச் சந்தா வீண். நண்பரிடம் ஏற்கெனவே இருந்து, அவரே செய்து தருகிறார் என்றால், பாராகிராஃப் பட்டியலில் 'வேர்ல்டு ரெடி கம்போஸர்' தேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அது இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். கேன்வாவில் மகள் அட்டைப்படம் செய்து தரட்டும், அதற்கு அது பிரமாதம். நீண்ட கட்டுரைக்கு ஒவ்வொரு பக்கத்திலும் பெட்டி போட்டு, நிரம்பியதை வெட்டி அடுத்த பெட்டியில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் ஒரு பத்தி சேர்ந்தால் மொத்தமும் மறுபடி.

இனி பக்க அளவு. போனில் படிக்க முடியவில்லை என்பது சாதாரணக் கணக்கு. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். கையில் இருக்கும் போனின் திரை சுமார் 68. அதாவது பக்கம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. கடைக்காரர் 11 புள்ளியில் வைத்த எழுத்து, வாசகர் கண்ணுக்கு 4 புள்ளிக்கும் குறைவாகப் போய்ச் சேர்கிறது. மருந்து அட்டையின் பின்புறத்தில் இருப்பதைவிடப் பொடி. அதுவும் பக்கம் செய்தித்தாள் போல இரண்டு பத்தியாகப் பிரிந்திருந்தால், பெருக்கி, கீழே இழுத்து, மேலே போய், மறுபடி கீழே இழுத்து என்று விரல் ஓய்வதே இல்லை.

ஏ6-க்கு மாறுங்கள். 105-க்கு 148 மில்லிமீட்டர், ஒரே பத்தி, உரை 13 புள்ளி, நாலு பக்கமும் 8 அல்லது 10 மில்லிமீட்டர் ஓரம். போனில் இது மூன்றில் இரண்டு பங்காகத்தான் சுருங்கும், எழுத்து எட்டரைப் புள்ளி அளவில் நிற்கும். கண்ணாடி போட்டவரும் பெருக்காமல் படிக்கலாம். நாற்பது பக்க இதழ் நூற்றைம்பதைத் தாண்டுவதைப் பார்த்துப் பதறாதீர்கள், காகிதச் செலவு உங்களுக்கு இல்லை. அச்சிட்டு வைத்துக்கொள்ள விரும்பும் அன்பர்கள் இருப்பார்கள். நான்கு ஏ6 பக்கங்கள் ஓர் ஏ4 தாளில் சரியாக அடங்கும், அவர்களுக்கும் கவலையில்லை.

ஏ6-இல் வரிகளை இரு ஓரமும் நேராக நிற்கும்படி இழுத்துக் கட்டாதீர்கள். டிடிபி கடைகளில் அதுதான் பழக்கம். ஒரு வரிக்கு நாலு சொல்தான் கொள்ளும் இடத்தில் 'கண்டெடுக்கப்பட்டவற்றிலிருந்து' என்று ஒரு சொல் வந்தால், அது அடுத்த வரிக்குப் போய், மிச்ச மூன்று சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய பள்ளம் விழும். இடது ஓரத்தை மட்டும் நேராக வைத்து வலதை விட்டுவிடுங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை போன்றவற்றில் ஒன்று. எல்லாமே திறந்த உரிமத்தில் கிடைப்பவை. கோப்புக்குள் சேர்த்து அனுப்புவதில் சிக்கல் வராது.

காசு இதழ் என்பதால் தனியாக இரண்டு வார்த்தை. தமிழ் எண்களைப் போடும் இடத்தில் எழுத்தைப் போட்டுச் சமாளிப்பது எல்லாரிடமும் உள்ள பழக்கம். ௧ என்பதற்கு க, ௨-க்கு உ, ௭-க்கு எ. வடிவம் ஒன்றுபோலத் தோன்றினாலும் கணினிக்கு இரண்டும் வேறு வேறு. கௌ போட வேண்டிய இடத்தில் க, எகரக் குறி, ள என்று மூன்றைச் சேர்த்துக் 'கெள' என்று அடிப்பதும் அப்படித்தான். மெய்ப்பு பார்க்கிறவரிடம் இதைச் சொல்லி வையுங்கள். முந்திரி, காணி, மா முதலான பழைய பின்னக் குறிகளுக்கும் 2019-இல் யூனிகோடில் இடம் கிடைத்துவிட்டது. நோட்டோ வரிசையில் அதற்குத் தனி எழுத்துரு இருக்கிறது, பிராமிக்கும் இருக்கிறது. பிடிஎஃப்பில் எழுத்துரு உள்ளேயே போய்விடுவதால் இவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனாலும் காசின் வாசகத்தைத் தரும்போது, காசில் உள்ளபடி கையால் பார்த்து வரைந்த படத்தையும் அதன் வாசிப்பையும் சேர்த்துக் கொடுப்பதுதான் முறை. ஒவ்வொரு காசிலும் எழுத்தின் உருவம் கொஞ்சம் மாறும், அந்த மாற்றத்தை எந்த எழுத்துருவும் காட்டாது.

90 எம்பி எப்படி வந்தது என்பதை ஊகிக்க முடிகிறது. போன் எடுத்த முழு அளவுப் படங்களை அப்படியே செருகியிருப்பார்கள். ஏ6 பக்கத்தில் உரை அகலம் 85 மில்லிமீட்டர். 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் ஆயிரம் பிக்சல் அகலம் போதும். ஆனால் உங்கள் வாசகர் காசைப் பெருக்கிப் பார்ப்பார், பார்க்கத்தானே வேண்டும்! ஆகவே 1500 பிக்சல் வையுங்கள். ஜேபெக் தரம் 80 முதல் 85. ஒரு படம் 300 கேபி சுற்றி வரும். அறுபது படம் இருந்தாலும் 20 எம்பிக்குள் அடங்கும், ஜிமெயிலின் 25 எம்பி வரம்புக்கும் உள்ளே. அட்டை, அலங்காரப் படங்களை இன்னும் இறக்கலாம். ரைட்டரில் பிடிஎஃப் ஏற்றுமதி செய்யும்போது படங்களின் டிபிஐயைக் குறைக்கும் கட்டம் தானாகவே தேர்ந்திருக்கும். காசுப் படங்களை நீங்களே அளந்து வைத்திருப்பதால் அந்தத் தேர்வை நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் பெருக்கிப் பார்க்க வைத்த பிக்சல்கள் போய்விடும்.

படங்கள் உங்களிடம் வரும் வழியையும் கவனியுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும், காசின் ஓரப் புள்ளிகள் மழுங்கிப் போகும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. டாக்குமென்டாக வரும் படத்தில், போனில் இருப்பிடம் இயங்கிக்கொண்டிருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை உட்கார்ந்திருக்கும். தங்கக் காசை வைத்திருப்பவரின் வீட்டு விலாசத்தை இதழோடு சேர்த்து ஊருக்கு அனுப்பியது போல ஆகிவிடும். விண்டோஸில் படத்தின் பிராப்பர்ட்டீஸ் பக்கத்தின் அடியிலேயே இந்த விவரங்களை நீக்கும் வசதி உண்டு. அளவைக் குறைக்கும்போதே அதையும் செய்துவிடுங்கள். வந்த மூலப் படத்தை மட்டும் தொடாமல் தனியாக வையுங்கள். ஜேபெக்கைத் திறந்து திறந்து சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். கோப்புக்கு ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல், இதழ் எண், காசின் பெயர், முன்புறமா பின்புறமா என்று பெயர் வைத்துவிட்டால் படம் மாறிப் போகாது.

இபப் பற்றி. நல்ல வடிவம்தான். எழுத்து திரைக்குத் தக்கபடி தானே மடிந்து கொள்ளும், வாசகர் தனக்கு வேண்டிய அளவில் வைத்துக்கொள்ளலாம். கதை, கட்டுரை இதழ் என்றால் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பேன். உங்களுடையதில் காசின் முன்புறம், பின்புறம், எடை, விட்டம், உலோகம் என்று எல்லாம் ஒரே பார்வையில் நிற்க வேண்டும். இபப்பில் படம் ஒரு திரையிலும் விவரம் அடுத்த திரையிலும் போய் விழும், அட்டவணைகள் இன்னும் மோசம். தவிர, வாட்ஸ்அப்பில் இபப் வந்தால் எதில் திறப்பது என்று உங்களுக்கு நாலு போன் வரும். ஆண்ட்ராய்டில் கூகுள் பிளே புக்ஸும் ஐபோனில் ஆப்பிள் புக்ஸும் திறக்கும் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். முதலில் ஏ6 பிடிஎஃப் நிலைபெறட்டும். ஒரு வருடம் போன பிறகு, படம் குறைந்த கட்டுரைகளை மட்டும் தொகுத்து ஓர் இபப் போடலாம். ரைட்டரே இபப் ஏற்றுமதி செய்யும். அதைச் சிகில் என்ற இலவச மென்பொருளில் திறந்து சீர்செய்துகொள்ளலாம். ஸ்டைல் ஒழுங்காகப் போட்டிருந்தால் அது ஒரு நாள் வேலை, போடாவிட்டால் மாதக் கணக்கு.

புரட்டும் புத்தகம் வேண்டவே வேண்டாம். தாள் திரும்பும் சத்தத்தை முதல் முறை கேட்க வேடிக்கையாக இருக்கும், அவ்வளவுதான். பல தளங்களில் பக்கம் வெறும் படமாகத்தான் போகிறது, மறுபடியும் தேட முடியாது. சந்தா நின்றால் இதழும் போய்விடும். இணையத்தில் அசையும் படங்களை ஓட்டிய ஃப்ளாஷ் மென்பொருள் 2020 இறுதியில் நிறுத்தப்பட்டபோது, அதில் செய்து வைத்த புரட்டும் இதழ்கள் திறக்க முடியாமல் போயின. பிடிஎஃப் 1993-இல் வந்தது, 2008 முதல் ஐஎஸ்ஓ தரம். பழைய பிடிஎஃப் இன்றைக்கும் திறக்கிறது.

ஏற்றுமதியில் 'ஹைப்ரிட் பிடிஎஃப்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதைத் தேர்ந்தால் ரைட்டரின் மூலக் கோப்பும் பிடிஎஃப்புக்குள்ளேயே மடித்து வைக்கப்படும். வாசகருக்கு அனுப்பும் பிரதிக்கு வேண்டாம், எடை கூடும். குழு உறுப்பினர்களிடம் இருக்க வேண்டிய பிரதிக்கு இது அருமை. ஒருவர் கணினி கெட்டாலும் இன்னொருவரிடமுள்ள பிடிஎஃப்பை ரைட்டரில் திறந்து வேலையைத் தொடரலாம்.

பழைய இதழ்கள். கடைக்காரரிடம் பேஜ்மேக்கர் கோப்பையும் எழுத்துருவின் பெயரையும் இப்போதே கேட்டு வாங்கி விடுங்கள், அவர் கணினியை மாற்றுவதற்கு முன்னால். பாமினி, டேப், டேம், டிஸ்கி போன்ற பழைய எழுத்துரு முறைகளில் ஒன்றாக இருந்தால் உரையை நகலெடுத்து என்எச்எம் கன்வர்ட்டரிலோ சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியிலோ போட்டால் யூனிகோடாக வந்துவிடும். பாமினி போன்றவற்றில் கட்டுரைக்கு நடுவே ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழ்க் குப்பையாக மாற்றி வைக்கும், அவற்றைக் கையால் திருத்த வேண்டியதுதான். எழுத்துருவே தெரியவில்லை என்றால், பிடிஎஃப்பின் பக்கங்களைப் படங்களாக மாற்றிக் கூகுள் டிரைவில் ஏற்றிக் கூகுள் டாக்ஸில் திறங்கள், படத்திலிருந்து தமிழை ஓரளவு நன்றாகவே படித்துத் தரும். எல்லா இதழையும் மறுபடி வடிவமைக்கும் ஆசையில் இறங்காதீர்கள், புது இதழ் நின்றுவிடும். பழைய பிடிஎஃப்பின் படங்களை மட்டும் சுருக்கி, யூனிகோடுக்கு மாறிய உரையைத் தனிக் கோப்பாகப் பக்கத்தில் வைத்தால் தேடுகிறவருக்குப் போதும். இரண்டையும் ஆர்க்கைவ்.ஆர்க் தளத்தில் ஏற்றி வைக்கலாம், கட்டணம் இல்லை. அதற்கு முன் எழுதியவர்களிடமும் படம் தந்தவர்களிடமும் ஒரு வரி சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். அருங்காட்சியகக் காசுகளின் படம் இருந்தால் அங்கேயும் அனுமதி கேட்க வேண்டும்.

நீங்கள் ஏ6-இல் முதல் கட்டுரையை அமைத்ததும் முழு இதழுக்கும் போய்விடாமல், அந்த ஒன்றை மட்டும் பிடிஎஃப் ஆக்கி, குழுவிலேயே வயதில் மூத்தவரின் போனுக்கு அனுப்புங்கள். அவர் பெருக்காமல் படித்துவிட்டு, 'பெருவழுதி' என்று தேடி எடுத்தும் காட்டினால் மிச்சக் கட்டுரைகளைத் தொடங்கலாம்.